உர வாளியில் பூச்சி வந்தால்



கேரளத்தில் ஆலப்புழை என்று ஓர் ஊர் இருக்கிறது. கடலோர நகரம். ஊருக்குள்ளேயே கால்வாய்கள் ஓடுகின்றன. எங்கே பார்த்தாலும் தென்னை மரம். கயிறும் கயிற்றுப் பாயும் இந்த ஊரின் பழைய தொழில். 1859-இல் ஜேம்ஸ் டாரா என்ற வெள்ளைக்காரர் இங்கே கயிற்றுப் பாய் நெய்யும் தொழிற்சாலை தொடங்கினார். அப்போதிருந்து இந்த ஊரின் பெயர் உலகம் முழுவதும் தெரியும்.

2012-இல் இதே ஊரின் பெயர் வேறொரு காரணத்துக்காக அடிபட்டது. அந்தக் காரணம் குப்பை.

நகரத்துக் குப்பையெல்லாம் லாரியில் ஏறி சர்வோதயபுரம் என்ற இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அது பக்கத்து ஊராட்சி. அங்கே குடியிருந்தவர்கள் நாற்றத்தோடும் ஈயோடும் பல வருடம் வாழ்ந்தார்கள். கடைசியில் பொறுமை போய்விட்டது. லாரிகளை மறித்தார்கள். நகரத்துத் தெருக்களில் குப்பை மலை மலையாகக் குவிந்தது. கால்வாயில் மிதந்தது. ஒன்றே முக்கால் லட்சம் பேர் வாழும் ஊர். குப்பை கொட்ட வேறு நிலம் கிடையாது. பள்ளம் தோண்டினால் கொஞ்ச ஆழத்திலேயே தண்ணீர் வந்துவிடும்.

அப்போது சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர் டி.எம். தாமஸ் ஐசக். அவரும் நகராட்சியும் ஊர் மக்களும் சேர்ந்து ஒரு முடிவு எடுத்தார்கள். குப்பையைக் கொண்டுபோய்க் கொட்ட இடம் தேடுவதில்லை. சமையலறைக் கழிவை அந்தந்த வீட்டிலேயே உரமாக்குவது. முடியாதவர்களுக்குத் தெருவில் பொதுத் தொட்டி வைப்பது. திட்டத்துக்கு 'நிர்மல பவனம், நிர்மல நகரம்' என்று பெயர் வைத்தார்கள். சுத்தமான வீடு, சுத்தமான நகரம் என்று பொருள். சிலர் வீட்டில் சாண எரிவாயுக் கலம் போல ஒரு கலம் வைத்தார்கள். சிலர் பிளாஸ்டிக் குழாயைத் தோட்டத்தில் நட்டுவைத்து அதற்குள் கழிவைப் போட்டார்கள். சிலர் வாளி வைத்தார்கள். 2017-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு, குப்பையை நல்ல முறையில் கையாளும் ஐந்து நகரங்களைச் சொன்னது. ஜப்பானின் ஒசாகா ஒன்று. ஆலப்புழையும் ஒன்று.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வாளி வைத்த வீட்டில் பத்தாவது நாள் என்ன நடக்கும் என்பதை யாரும் மேடையில் சொல்வதில்லை. இந்தப் பேச்சு அதைப் பற்றியது.

பத்தாவது நாள் வீட்டுக்காரி மூடியைத் திறக்கிறாள். உள்ளே நெளுநெளுவென்று புழு. முகத்தில் ஈ மொய்க்கிறது. மூடியைப் படக்கென்று போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறாள்.

"சேச்சி, வாளி முழுக்கப் புழு! எடுத்துத் தோட்டில் கொட்டிவிடட்டுமா?"

"கொட்டாதே மகளே. முதலில் அது என்ன புழு என்று பார்த்தாயா?"

தோடு என்றால் மலையாளத்தில் வாய்க்கால். அந்தப் பெண் கொட்டியிருந்தால் என்ன ஆகும்? அவளைப் போல் தெருவுக்குப் பத்துப் பேர் கொட்டினால் பழையபடி கால்வாய் நாறும். ஊர் எடுத்த முடிவு அத்தோடு போயிற்று. திட்டம் தோற்பது பெரிய காரணங்களால் மட்டும் அல்ல. ஒரு புழுவைப் பார்த்து அருவருத்து வாளியை மூலையில் போடுவதாலும் தோற்கும்.

அதனால் அந்தச் சேச்சி கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. அது என்ன புழு?

மட்குவது என்றால் என்ன? செத்த பொருளை உயிருள்ளவை தின்று மண்ணாக்குவது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பாதி வேலையைச் செய்கின்றன. பூஞ்சை செய்கிறது. மீதியைப் புழு, பூச்சி, மண்புழு, மரவட்டை செய்கின்றன. பூச்சியே இல்லாத உரத்தொட்டி வேண்டும் என்று கேட்பது, எறும்பே இல்லாத தோப்பு வேண்டும் என்று கேட்பது போல. கேட்கலாம், கிடைக்காது. வேலை செய்கிற பூச்சி எது, தொல்லை தருகிற பூச்சி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

வாளியில் வரும் புழுக்களில் இரண்டு முக்கியமானவை.

ஒன்று, வீட்டு ஈயின் புழு. வெள்ளையாக, வழவழப்பாக, மென்மையாக இருக்கும். ஒரு முனை கூராக, மறு முனை தடித்திருக்கும். அளவு ஏறக்குறைய ஒரு சோற்றுப் பருக்கை. வீட்டு ஈ ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேல் இடும். அப்படிப் பல தடவை இடும். வெயில் காலத்தில் முட்டை ஈயாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். மலத்தில் உட்கார்ந்த ஈ அதே காலோடு சோற்றிலும் உட்காரும். வயிற்றுப்போக்கு, சீதபேதி, டைபாய்டு எல்லாம் அந்தக் காலில் ஒட்டிக்கொண்டு வரும். இதைச் சும்மா விடக் கூடாது.

இன்னொன்று, கறுப்புப் படைவீரன் ஈயின் புழு. பெயர் பெரிதாக இருக்கிறது, ஆனால் ஆள் சாது. இதன் புழு பட்டையாக இருக்கும். உடம்பில் வளையம் வளையமாகக் கோடு தெரியும். தோல் கெட்டி. நிறம் கோதுமையும் சாம்பலும் கலந்தது. வளர்ந்தால் வீட்டு ஈப் புழுவைவிட இரண்டு மடங்கு நீளம் இருக்கும். பார்க்கத்தான் பயங்கரம். தின்பதில் இதை மிஞ்ச ஆள் இல்லை. வெந்த சோறு, அழுகிய காய், மீன் செதில் பக்கத்துக் கழிவு எதுவானாலும் விடாது. இது குடியிருக்கும் வாளியில் வீட்டு ஈ முட்டையிடுவது குறைந்துவிடுகிறது.

இதன் ஈ எப்படி இருக்கும்? கறுப்பாக, ஒல்லியாக, குளவி போல. குளவி என்று நினைத்துப் பலர் பயப்படுவார்கள். ஆனால் இதற்குக் கொடுக்கு கிடையாது. கடிக்காது. நம் சாப்பாட்டில் வந்து உட்காராது. சில நாள் வாழும், முட்டையிடும், செத்துப்போகும். பெண் ஈ கழிவின் மேலேயே முட்டையிடாமல், பக்கத்தில் ஒரு விரிசலிலோ இடுக்கிலோ இடும். ஒரே ஈ சில நூறு முட்டைகள் இடும்.

இப்போது பல இடங்களில் இந்தப் புழுவை வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். கோழிக்கும் மீனுக்கும் தீவனமாகப் போடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கும் பொருளை நாம் வாளியோடு கால்வாயில் கொட்டினால் எப்படி?

ஆனால் ஒரு தொல்லை உண்டு. இந்தப் புழு தின்று முடித்ததும் கரும்பழுப்பு நிறமாக மாறும். தின்பதை நிறுத்திவிடும். காய்ந்த இடம் தேடி வாளியிலிருந்து ஏறி வெளியே வரும். காலையில் எழுந்து பார்த்தால் சமையலறைத் தரையில் வரிசையாக ஊர்ந்துகொண்டிருக்கும். மருமகள் அலற, மாமியார் துடைப்பத்தோடு வர, வீடு கலவரமாகும். வழி சுலபமானது. வாளியைச் சமையலறைக்குள் வைக்காமல் பின்பக்கத் திண்ணையில் நிழலான இடத்தில் வைக்க வேண்டும். வாளியைச் சுற்றிக் காய்ந்த சருகை ஒரு வளையம் போலப் போட்டால், வெளியே வரும் புழு அதற்குள் ஒளிந்துகொள்ளும். கோழி இருக்கும் வீட்டில் அதுவும் தேவையில்லை. கோழியே கணக்கை முடித்துவிடும்.

இனி வீட்டு ஈப் புழுவுக்கு வருவோம். அது ஏன் வந்தது? அநேகமாக ஒரே காரணம்தான். வாளியில் ஈரம் அதிகம்.

ஆலப்புழை வீட்டில் தினமும் என்ன கழிவு வரும்? மிஞ்சிய சோறு, கஞ்சித் தெளிவு, குழம்பு, மீன் தலை, குடல், வாழைப்பழத் தோல், பலாச் சுளையெடுத்த சக்கை. எல்லாமே நீர் நிறைந்தவை. அப்படியே கொட்டினால் அடியில் தண்ணீர் தேங்கும். காற்றுப் போகாது. காற்று இல்லாத இடத்தில் மட்குவதற்குப் பதில் அழுகும். அழுகல் நாற்றம் ஈக்கு அழைப்பிதழ் மாதிரி. இடவப்பாதி மழையில் மூடி சரியாக இல்லாத குழாய்க்குள் தண்ணீர் இறங்கினாலும் இதே கதைதான்.

அதனால் மருந்து தேட வேண்டியதில்லை. காய்ந்த பொருளைத் தேட வேண்டும். கழிவைப் போடும் முன் ஓட்டை உள்ள தட்டில் நீரை வடிக்க வேண்டும். குழம்பை ஊற்றவே கூடாது. உப்பும் எண்ணெயும் நுண்ணுயிரைக் கெடுக்கும். ஒரு பங்கு ஈரக் கழிவு போட்டால், அதே அளவு காய்ந்த பொருள் மேலே போட வேண்டும். கழிவு கண்ணுக்கே தெரியக் கூடாது. கண்ணுக்குத் தெரிந்தால் ஈக்கும் தெரியும்.

காய்ந்த பொருளுக்கு ஆலப்புழையில் பஞ்சமே இல்லை. கயிற்றுக்காக மட்டையைத் தட்டி நாரெடுக்கும்போது பழுப்பு நிறத்தில் தூள் உதிரும். தென்னைநார்க் கழிவு என்று நாம் சொல்கிறோம். மலையாளத்தில் சகிரிச்சோறு. பெயரில்கூடச் சோறு இருக்கிறது! ஒரு காலத்தில் இது கால்வாயோரம் குவிந்து கிடந்து ஊருக்குத் தலைவலியாக இருந்தது. தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரை இது உறிஞ்சிக்கொள்ளும். இதே தூளில் நுண்ணுயிரைச் சேர்த்து 'இனாக்குலம்' என்ற பெயரில் பையில் விற்கிறார்கள். கேரளத்து வீடுகளில் வாளியோடு சேர்த்துக் கொடுப்பதும் இதுதான். ஒரு பழைய தலைவலி இன்னொரு தலைவலிக்கு மருந்தானது.

தென்னைநார்க் கழிவு கிடைக்காத ஊரில் சருகு போதும். மரத்தூள், காய்ந்த தோட்ட மண், கிழித்த செய்தித்தாள் எல்லாம் உதவும். ஆனால் சருகு மழைக்காலத்தில் கிடைக்காது. மாசி, பங்குனியில் இலை உதிரும்போதே கூட்டிச் சாக்கில் கட்டி வைக்க வேண்டும். ஜூன் மழைக்கு இரண்டு சாக்காவது வீட்டில் இருக்க வேண்டும். இதைச் செய்த வீட்டுக்கும் செய்யாத வீட்டுக்கும் வித்தியாசத்தை ஜூலையில் மூக்கே சொல்லிவிடும்.

ஈரம் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கையுறை போட்டு உரத்தை ஒரு பிடி எடுத்துப் பிழிய வேண்டும். தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம். பிழிந்த துணி போல் கை ஈரமானால் சரி. பொடியாக உதிர்ந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

புழு ஏற்கெனவே வந்துவிட்ட வாளிக்கு என்ன செய்வது? இரண்டு மூன்று நாள் புதிய கழிவு போடுவதை நிறுத்த வேண்டும். உள்ளே இருப்பதைக் கிளறி, காய்ந்த தூளைத் தாராளமாகக் கலக்க வேண்டும். அடி ஓட்டை அடைத்திருந்தால் குச்சியால் குத்தித் திறக்க வேண்டும். மேலே இரண்டு விரல் கனத்துக்குக் காய்ந்த தூள் பரப்ப வேண்டும். மூடிக்கு அடியில் ஒரு பழைய மெல்லிய துணியை இழுத்துக் கட்டி, அதன் மேல் மூடியைப் போட்டால் புது ஈ உள்ளே போகாது. உள்ளே இருக்கும் ஈ வெளியே வராது. ஈயின் ஒரு தலைமுறைக்குப் பத்து நாள்தான். இரண்டு வாரம் இப்படிக் காத்தால் சங்கிலி அறுந்துவிடும்.

பெரிய தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. திருச்சூர் மாவட்டத்தில் தும்பூர்முழி என்ற இடத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பண்ணை இருக்கிறது. அங்கே உருவான முறைக்குத் தும்பூர்முழி முறை என்றே பெயர். நான்கடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரத்தில் இடைவெளி விட்டுக் கட்டிய பெட்டி. அடியில் பசுஞ்சாணம், அதன் மேல் சருகு, அதன் மேல் கழிவு என்று அடுக்குவார்கள். நிறைந்த பிறகு மூன்று மாதம் விட்டுவிடுவார்கள். நாலு பக்கமும் காற்று போகும். நடுவில் அறுபது டிகிரிக்கு மேல் சூடேறும். அந்தச் சூட்டில் ஈப்புழு பிழைக்காது. ஆலப்புழைத் தெருக்களில் வைத்த பொதுத் தொட்டிகள் இந்த முறைதான். வீட்டு வாளி சிறியது. அதில் அவ்வளவு சூடு ஏறாது. அதனால்தான் வீட்டில் சூட்டை நம்பாமல் சருகை நம்ப வேண்டியிருக்கிறது.

மீன் கழிவு தனி விஷயம். பச்சையும் நீலமுமாக மின்னும் பெரிய ஈ மீன் வாசனைக்கு எங்கிருந்தோ வந்துவிடும். சிறிய வாளியில் மீன் குடலைப் போடாமல் இருப்பது நல்லது. கேரளத்துப் பாட்டிமார் இதில் கெட்டிக்காரர்கள். கறிவேப்பிலைக்கோ தென்னைக்கோ பக்கத்தில் ஓரடிக் குழி தோண்டி, மீன் கழிவைப் போட்டு, உடனே மண் தள்ளி மிதித்துவிடுவார்கள். ஓரடிக்குக் குறைந்தால் நாயும் பூனையும் தோண்டிவிடும்.

வாழைப்பழத் தோலோடு வரும் பொடி ஈயைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கடுகுக்குக் கொஞ்சம் பெரிதாக, சிவந்த கண்ணோடு வட்டமிடும். அதன் முட்டை கடையிலிருந்து பழத்தோடேயே வந்துவிடுகிறது. தோலை மேலே போடாமல் நடுவில் புதைத்தால் போதும். பலாக் காலத்தில் மட்டும் கூட்டம் தாங்காது. அப்போது ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் கள்ளுக்காடியும் ஒரு சொட்டுச் சோப்பு நீரும் விட்டு வாளிப் பக்கத்தில் வைத்தால் அதில் விழுந்து மாளும்.

ஆனால் இதற்குப் பெரியண்ணன் ஒன்று உண்டு. அது பழ ஈ. பாகல், புடலை, வெள்ளரி, மாம்பழம் இவற்றின் தோலைக் குத்தி உள்ளே முட்டையிடும். காய் ஒரு பக்கம் பழுத்து, கோணி, அழுகி விழும். அறுத்துப் பார்த்தால் வெள்ளைப் புழு இருக்கும். அந்தப் புழுவைத் தரையில் போட்டால் உடம்பை வளைத்துத் துள்ளிக் குதிக்கும். துள்ளினால் அது பழ ஈப் புழு. இந்தக் காயை அப்படியே உர வாளியில் போடுவது திருடனுக்குத் திண்ணையில் பாய் விரிப்பது போல. புழு அங்கேயே வளர்ந்து, மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, மறுபடி ஈயாகி, அடுத்த பந்தலில் போய் உட்காரும். அழுகி விழுந்த காயை அன்றன்றே பொறுக்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுகக் கட்டி, நல்ல வெயிலில் சில நாள் வைக்க வேண்டும். அல்லது தண்ணீர் நிறைந்த வாளியில் மூழ்கடித்து வைக்கலாம். புழு செத்த பிறகு உரத்தில் சேர்க்கலாம். காய்கறிப் பந்தல் போட்டிருக்கும் வீட்டில் இது ஒன்றைச் செய்தாலே அடுத்த அறுப்பில் பலன் தெரியும்.

எறும்பு வந்தால்? வாளி காய்ந்துவிட்டது என்று எறும்பு வந்து சொல்கிறது. கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கிளறினால் அது வேறு இடம் பார்க்கும். வாளியைச் செங்கல் மேல் வைத்துச் செங்கல்லைத் தண்ணீர்த் தட்டில் வைப்பவர்களும் உண்டு. அந்தத் தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் எறும்புக்குப் பதில் கொசு.

கொசுவைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 2006-இல் ஆலப்புழை மாவட்டம் சேர்த்தலைப் பகுதியில் சிக்குன்குனியா பரவியது. வீடு வீடாக மூட்டு வலியில் படுத்தார்கள். அந்தக் காய்ச்சலையும் டெங்குவையும் பரப்பும் கொசு, கொஞ்சம் நல்ல தண்ணீர் தேங்கினாலே முட்டையிடும். உர வாளிக்குள் அந்தக் கொசு வராது. வாளிக்குப் பக்கத்தில் எறிந்த கொட்டாங்கச்சியில் வரும். மழைத் தண்ணீர் நிறைந்த ஒரு கொட்டாங்கச்சி போதும். அதனால் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்துப் போட வேண்டும். வாளிக்கு அடியில் வடியும் கறுப்பு நீரையும் தேங்கவிடக் கூடாது. பத்துப் பங்கு தண்ணீர் கலந்து செடிக்கு ஊற்றிவிடலாம்.

மரவட்டை சருகைத் தின்னும், யாரையும் கடிக்காது. வெள்ளைப் பொடி போலத் துள்ளும் சின்னஞ்சிறு பூச்சிகளும் அப்படித்தான். பூரான் மட்டும் இந்தப் பூச்சிகளைத் தின்ன வரும். கடித்தால் நன்றாக வலிக்கும். வெறுங்கையை உள்ளே விடாமல் சிறு மண்வெட்டியால் கிளற வேண்டும். கரப்பான் மூடி சரியில்லாத வாளிக்கு வரும். மலையோர மாவட்டங்களில் ரப்பர்ச் சருகை வாளிக்காக வீட்டில் சேர்த்து வைக்கக் கூடாது. முப்ளி வண்டு என்ற கறுப்பு வண்டு அந்தச் சருகில்தான் பெருகும். கோடை மழை விழுந்ததும் ஆயிரக்கணக்கில் வீட்டுக்குள் ஏறிவிடும்.

தென்னை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. தோட்டத்து உரக்குழியைக் கிளறும்போது கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழு வரும். தலை பழுப்பு. உடம்பு அரிவாள் போல் வளைந்திருக்கும். இது காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்கலாம். இந்த வண்டு குழியில் பிறந்து தென்னையின் குருத்தில் போய்த் துளையிடும். விரிந்த மட்டை கத்தரிக்கோலால் நறுக்கியது போலத் தெரியும். அந்தத் துளையில் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிட்டால் மரமே போய்விடும். ஒரு தென்னை என்பது ஒரு குடும்பத்துக்கு வருடம் முழுவதும் குழம்புக்குத் தேங்காய்.

ஆனால் வளைந்த வெள்ளைப் புழு எல்லாமே காண்டாமிருக வண்டு அல்ல. பூவண்டின் புழுவும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அது குழியில் மட்கும் வேலை செய்வது. புழுவை வழவழப்பான தரையில் விட்டுப் பார்க்க வேண்டும். மல்லாந்து முதுகால் நகர்ந்தால் பூவண்டுப் புழு. அதைத் திரும்பக் குழியில் போட்டுவிடலாம். ஒருக்களித்து வளைந்தே கிடந்தால் கோழிக்குப் போட வேண்டியதுதான்.

முட்டை வண்டாவதற்கு மாதக்கணக்கில் ஆகும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை குழியைப் புரட்டிப் பொறுக்கினாலே வண்டாகும் முன் பிடித்துவிடலாம். பெருவலம் என்று கேரளத்தில் சொல்லும் செடியை வேரோடு பிடுங்கிக் குழியில் சேர்ப்பதும் உண்டு. அதைத் தின்ற புழு சரியாக வளராது. ஆலப்புழை மாவட்டத்திலேயே காயங்குளத்தில் மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் கிளை இருக்கிறது. அங்கே இந்தப் புழுவைக் கொல்லும் ஒரு பச்சைப் பூஞ்சை பற்றி விவசாயிகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். மெட்டாரைசியம் என்று அதற்குப் பெயர். குழியில் தெளித்தால் புழு மேல் முளைத்து அதைக் கொல்லும். மனிதனுக்கும் மாட்டுக்கும் தீங்கில்லை.

இத்தனை வழி இருக்க, பலர் முதலில் எடுப்பது என்ன? பினாயில், பிளீச்சிங் பவுடர், எறும்புப் பொடி. தூவினால் புழு செத்துவிடும், உண்மைதான். கூடவே உரமாக்கும் நுண்ணுயிரும் செத்துவிடும். மறுநாளிலிருந்து வாளியில் மட்குவது நின்று, வெறும் அழுகல் நடக்கும். நாற்றம் வரும், ஈ வரும், மறுபடி பொடி. எறும்புப் பொடி போட்ட உரத்தைக் கீரைப் பாத்தியில் போட்டால் அந்த விஷம் எங்கே போகும்?

பூச்சி மருந்தின் விலை கேரளத்துக்குத் தெரியும். காசர்கோடு மாவட்டத்தில் முந்திரித் தோட்டங்களில் பல வருடம் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளித்தார்கள். 2000-இல்தான் அது நின்றது. கீழே வாழ்ந்த குடும்பங்களில் பிள்ளைகள் ஊனத்தோடு பிறந்தார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அந்த மருந்தை நிறுத்தியது. வீட்டு வாளியில் தூவும் ஒரு சிட்டிகைப் பொடி அந்த அளவு கொடுமை இல்லைதான். ஆனால் பூச்சியைக் கண்டதும் விஷத்தைத் தேடும் பழக்கம் ஒன்றுதான்.

வேண்டுமானால் ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்குத் தூளைக் கலக்கலாம். நாற்றத்துக்குக் கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் தூவலாம். கொஞ்சம் என்றால் ஒரு சிட்டிகை. அதற்கு மேல் போனால் அதுவும் நுண்ணுயிரைச் சுடும். வாளியைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். எலி நடமாட்டம் இருந்தால் கண்டிப்பாகக் கழுவ வேண்டும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளத்தில் எலிக்காய்ச்சலில் பலர் இறந்தார்கள்.

2023 மார்ச் மாதம் கொச்சி நகரத்தின் பிரம்மபுரம் குப்பை மேடு தீப்பிடித்தது. பத்து நாளுக்கு மேல் புகைந்தது. நகரமே மூச்சுத் திணறியது. அதன் பிறகு வீட்டுக்கு வீடு வாளி வைக்கும் வேலையைக் கேரளம் முழுவதும் தீவிரமாக எடுத்தார்கள். வீடு வீடாக வரும் ஹரித கர்ம சேனைப் பெண்கள் கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக்கை வாங்கிப் போகிறார்கள். அழுகும் கழிவு வீட்டுக்காரர் பொறுப்பு. அதனால் மூடியைத் திறந்து பார்ப்பதும் வீட்டுக்காரர் வேலைதான்.

இரண்டு வாளி இருந்தால் சௌகரியம். ஒன்று நிறைந்ததும் மூடி வைத்துவிட்டு அடுத்ததில் போடலாம். இரண்டாவது நிறைவதற்குள் முதலாவது ஏறக்குறைய தயாராகிவிடும். உரம் கறுப்பாக, பொலபொலவென்று, மழை பெய்த மண் வாசனையோடு இருந்தால் ஆயிற்று. அதை ஒரு நாள் நிழலில் பரப்பி வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் பூச்சிகள் அவையாகவே ஓடிவிடும். பிறகு சல்லடையில் சலிக்க வேண்டும். கீழே விழும் தூள் செடிக்கு. சல்லடையில் தங்கும் கட்டியையும் மட்காத மாங்கொட்டையையும் தூக்கி எறிய வேண்டாம். அடுத்த வாளியின் அடியில் போட்டால், அதில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிரும் குட்டிப் பூச்சிகளும் அன்றைக்கே அங்கே வேலையைத் தொடங்கிவிடும்.